வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம்

தருமபுரியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துவதோடு அங்கு பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவிலும் உறுப்பினராக இருக்கிறேன். காதலிக்கும் பையனிடம் அடிபடும் மாணவிகள் எழுத்தில் புகார் தருவது மிக அரிது. வருகைப் பதிவு, தேர்வுக் கட்டணம் என்று வேறு எதையோ கேட்க வந்து, மற்றவர்கள் போன பிறகும் தயங்கி நிற்பார்கள்.

அப்படி நின்ற இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, பேசி முடிக்கும்வரை கைப்பேசியை இறுகப் பிடித்திருந்தாள். அரூர் பேருந்தில் ஏறியதும் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று காதலனுக்கு வீடியோ காலில் காட்ட வேண்டும்; சார்ஜ் குறைவு என்றால் அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்ப வேண்டும். ஒருமுறை கன்னத்தில் அறைந்திருக்கிறான். அதைச் சொன்னபோது கலங்காதவள், "எங்க அப்பா நம்பர் அவன்கிட்ட இருக்கு மேடம்" என்றபோதுதான் அழுதாள்.

இங்கே அடியைவிடப் பெரிய ஆயுதம் அந்த எண்தான். காதல் வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பு நின்றுவிடும், அடுத்த முகூர்த்தத்திலேயே யாருக்காவது கட்டிவைத்துவிடுவார்கள் என்று மாணவிகள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை பொய்யென்று என்னால் சொல்ல முடியவில்லை. சாதி மாறிய ஒரு திருமணத்தைத் தொடர்ந்து 2012 நவம்பரில் நத்தம் காலனியில் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்ட மாவட்டம் இது. இப்போது படிப்பவர்கள் அன்று சிறு குழந்தைகள். பெற்றோர் எதையும் மறக்கவில்லை.

அடிப்பது தவறு என்பதில் வகுப்பில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கைப்பேசியின் பாஸ்வேர்டைக் கேட்பதைப் பற்றிப் பேச்சு வந்தால், "பாசம் இருக்கறதாலதானே கேக்கறான்" என்று பெண்களே முந்திக்கொண்டு பதில் சொல்கிறார்கள். பிரிந்து போனால் கையை அறுத்துக்கொள்வேன் என்ற மிரட்டலுக்குப் பயந்து உறவில் நீடிக்கும் மாணவர்களும் உண்டு. ஆண்பிள்ளை இதையெல்லாம் வெளியே சொல்வதா என்ற கூச்சத்தில் அவர்கள் இன்னும் ஆழமாக மூடி மறைக்கிறார்கள்.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், ஒரே வீட்டில் சேர்ந்து வாழாத காதலர்களுக்குப் பொருந்தாது. ஆனால் வேண்டாம் என்று சொன்ன பெண்ணை விடாமல் பின்தொடர்வதும், அவளுடைய இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆவது பிரிவின்படி குற்றம். இதையும் 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் முதலாம் ஆண்டிலேயே சொல்லிவிடுகிறோம். அந்த மாணவி முதலில் தன் சித்தியிடம் மட்டும் சொல்ல விரும்பினாள்; சித்தியே உடன் வந்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தார்.

எந்தப் பிரச்சினை என்றாலும் "அப்பாவை அழைத்து வா" என்பதுதான் கல்லூரிகளில் ஊறிப்போன வழக்கம். பதினெட்டு வயது நிறைந்த மாணவி கேட்டுக்கொள்ளாதவரை அவள் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசக்கூடாது என்று குழுக் கூட்டங்களில் நான் தொடர்ந்து வற்புறுத்திவருகிறேன். அவன் எதைச் சொல்லி அவளை மிரட்டினானோ அதையே நாமும் செய்துவிட்டால், அடுத்த மாணவி நம் அறைப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள்.