கிராவல் எடுக்கக் கிணறு அளந்த கதை

பல்லடத்துக்குத் தெற்கே எங்கள் மேட்டாங்காடு 1.80 ஹெக்டேர். மேலே ஒரு சாண் மண், அதற்கடியில் மூன்று மீட்டருக்குக் கிராவல், அப்புறம் பாறை. சோளம்கூட மனது வைத்தால்தான் முளைக்கும். கிராவலாவது எடுக்கலாமே என்று மனு போட்டேன்.

2012க்கு முன்னால் ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படவில்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் சின்னக் குவாரிகளும் உள்ளே வந்தன. கலெக்டருக்கு மனு, கனிமவளத்துறை ஆய்வு, பரப்பை உறுதி செய்து கடிதம், சுரங்கத் திட்டம், சென்னையில் மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையம், கடைசியில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு. இதே வரிசையில்தான் எல்லோருக்கும் நடக்கும். 500 மீட்டருக்குள் இருக்கும் மற்றக் குவாரிகளையும் கூட்டிப் பார்ப்பார்கள். மொத்தம் ஐந்து ஹெக்டேரைத் தாண்டினால் மக்கள் கருத்துக் கேட்பு வரை போகவேண்டும். எங்களுக்குத் தாண்டவில்லை, தப்பித்தோம்.

மாட்டிக்கொண்டது தண்ணீரில். பணம் கொடுத்து ஒரு ஆலோசனை நிறுவனத்திடம் அறிக்கை வாங்கியிருந்தேன். நிலத்தடி நீர்மட்டம் 60 மீட்டர் ஆழம் என்று அதில் எழுதியிருந்தது. இரண்டு பக்கம் தள்ளி, எங்கள் நிலத்துக்கு அருகில் வைகை ஓடுவதாகவும் இருந்தது! வேறு மாவட்டத்து அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நானும் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன். சென்னையில் மனுவை ஆராய்ந்த கூட்டத்தில் நிபுணர் ஒருவர், "உங்க ஊர்ல வைகையா?" என்று கேட்டபோது பதில் சொல்ல வாய் வரவில்லை. ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள கிணறு, போர் எல்லாவற்றின் நீர்மட்டத்தையும் மழைக்காலத்தில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை அளந்து கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கிட்டத்தட்ட ஒரு வருஷம் போனது.

இடையில் இன்னொரு கூத்து. இணையத்தில் தேடி, மத்திய நிலத்தடி நீர் ஆணையத்தின் படிவத்தை ஒரு வாரம் உட்கார்ந்து நிரப்பினேன். தமிழ்நாட்டுக்கு அது பொருந்தாது. இங்கே 2003ல் வந்த நிலத்தடி நீர்ச் சட்டம் 2013ல் ரத்தாகிவிட்டது. 2014 அரசாணைப்படி மாநில நீர்வளத்துறையிடம்தான் போகவேண்டும். அங்கே முதல் கேள்வி, நம் குறுவட்டம் (பிர்கா) நிலத்தடி நீர் நிலவரத்தில் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பது. எங்களுடையது அதிநுகர்வு, அதாவது ஊறுவதைவிட அதிகமாக இறைக்கும் இடம். புழுதிக்குத் தெளிக்க போர் போடலாம் என்ற நினைப்பு அன்றோடு போயிற்று. நாளைக்கு இரண்டாயிரம் லிட்டர், வெளியிலிருந்து டேங்கரில் வாங்குவதாக எழுதிக் கொடுத்தோம்.

இந்த முறை அளக்க நானே கிளம்பினேன், நிலவியல் படித்த ஒரு தம்பியைக் கூட்டிக்கொண்டு. 14 கிணறு, 9 போர். போரில் நாடா விட இடைவெளியே இல்லை. மோட்டார் மாட்டியவரைக் கேட்டால், குழாய் எத்தனை அடி இறக்கினார் என்று சொல்வார், அது நீர்மட்டம் ஆகாது. அதனால் கிணறுகள்தான் கதி. நாடா முனையில் ஒரு போல்ட்டைக் கட்டி, கடைசி இரண்டு மீட்டருக்குச் சாக்கட்டி தேய்த்து இறக்கினோம். நனைந்த இடம் நிறம் மாறிவிடும். 13.40 வந்தது. கைப்பிடிச் சுவர் 85 சென்டிமீட்டர், அதைக் கழித்து 12.55 என்று எழுதினோம். மறுநாள் பதினோரு மணிக்கு அதே கிணற்றில் 15 மீட்டருக்கு மேல் காட்டியது. பயந்துவிட்டேன். தம்பி சிரித்தான். காலையில் மும்முனை மின்சாரம் வந்ததிலிருந்து மோட்டார் ஓடியிருக்கிறது, இது இறைத்த மட்டம், கிணறு ஊறி நின்ற மட்டம் இல்லை. அதற்கப்புறம் கரண்ட் வரும் முன்னாலேயே, இருட்டோடு டார்ச் அடித்துக்கொண்டு போனோம். நாய்கள் எங்களைப் பழக ஒரு வாரம் ஆனது.

தெற்குக் காட்டு ஆத்தா மட்டும் கிணற்றடிக்கு விடவில்லை.

"இத்தன நாளா இல்லாத அளவு இப்ப எதுக்கு கண்ணு?"

"அனுமதிக்குக் கேக்கறாங்க ஆத்தா. நாங்க தண்ணி மட்டம் வரைக்கும் தோண்ட மாட்டோம், மூணு மீட்டர்தான்."

"மழைத்தண்ணி அந்தக் கிராவல்ல எறங்கித்தான் என்ற கெணத்துக்கு வருது. அதையே நீ லாரில ஏத்திட்டா?"

திரும்பும்போது தம்பியைக் கேட்டேன். ஆத்தா சொன்னது சரிதானாம். பாறை பூமியில் மழையை உறிஞ்சிவைத்து மெதுவாகக் கீழே விடுவது இந்த நைந்த கிராவல் அடுக்குதான். குழி தண்ணீரைத் தொடாவிட்டாலும் அந்த உறிஞ்சும் இடம் குறைகிறது. கடுப்பாகத்தான் இருந்தது. இருந்தாலும் அவர் கிணற்றுப் பக்க எல்லையில், தோண்டாமல் விடச் சட்டம் கேட்கும் 7.5 மீட்டருக்குப் பதில் முப்பது மீட்டர் விட்டு வரைபடத்தை மாற்றினேன். எத்தனையோ லோடு போயிற்று. அதைக் காட்டியதும் ஆத்தா கிணற்றைத் திறந்துவிட்டார்.

அனுமதி வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து எழுதவேண்டும் என்ற நிபந்தனையோடு. வேலை தொடங்கி வந்த முதல் மே மாதம் ஆத்தா கிணற்றில் 16.20. முந்தின மே மாதம் 14.90. வடக்கே ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த கிணற்றிலும் 1.10 இறங்கியிருந்தது. மழை குறைவு, குழியால் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். மீதி இருபது சென்டிமீட்டருக்கு என்னிடம் பதில் இல்லை, மூடிக்கொண்டேன்.

ஆத்தா நாடாவைப் பார்க்கவே இல்லை. கிணற்றுப் படிக்கட்டை எட்டிப் பார்த்து, "போன சித்திரைக்கு நாப்பத்தெட்டாம் படி. இப்ப அம்பத்திரெண்டு" என்றார். மோட்டார் ரூம் சுவரில் கரிக்கோட்டில் வருஷவாரியாகப் படிக்கணக்கு எழுதி வைத்திருக்கிறார், நாங்கள் அளக்கத் தொடங்குவதற்குப் பல வருஷம் முன்பிருந்தே. ஒரு படி ஓர் அடிக்குக் கொஞ்சம் கூட. நாலு படி என்றால் எங்கள் 1.30 சரியாகத்தான் வந்தது. வாரியத்துக்குப் போகும் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. என் நோட்டில் ஓரமாக 52 என்று எழுதிக்கொண்டேன்.