பலகையில் ஒன்பது, கதிரைக்கடியில் மூன்று

2017ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள், திருகோணமலையில் டச்சுக்குடாக் கடற்கரைக்குச் சற்று உள்ளே, பன்னிரண்டு கதிரைகள் மட்டுமே கொண்ட ஒரு சின்னத் திரைக்கூடத்தை இயக்கும் வேலையில் இருந்தேன். அதற்கு முன் நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து விடுதிகளில் குளிரூட்டி திருத்திக்கொண்டிருந்தவன் நான். சினிமாத் தொழிலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தக் கூடம் ஓடுவதும் நிற்பதும், பின்சுவருக்கு வெளியே தகரக் கூரையின் கீழ் உறுமிக்கொண்டு, கதிரைகளை ஆட்டும் காற்றை அழுத்திக் கொடுத்த கொம்பிரசரைப் பொறுத்தது என்பதை முதலாளி முதல் மாதத்திலேயே கைப்பணம் செலவழித்துக் கற்றிருந்தார். கொம்பிரசர் தெரிந்த ஆளாகத் தேடித்தான் என்னைப் பிடித்தார்.

நான் சேர்ந்தபோது வாசற்பலகையில் ‘7டி’ என்று எழுதியிருந்தது. சில மாதங்களில் ஊருக்கு வந்த ஒரு களியாட்டக் கூடாரம் ‘8டி’ என்று விளம்பரம் செய்தது. முதலாளி கொழும்பிலிருந்து தொலைபேசியில் அழைத்து, பெயின்ரர் ஒருவரைப் பிடித்து ஏழை ஒன்பதாக மாற்றச் சொன்னார். ஏழின் தலையை வளைத்து மூடி ஒன்பதாக்க அந்தப் பெயின்ரருக்குக் கால் மணி நேரம்கூடச் செல்லவில்லை. அதே கிழமையில்தான் இடப்பக்கத்துக் காற்றாடியின் மோட்டார் எரிந்துபோயிருந்தது. ஆகவே பரிமாணம் இரண்டு கூடிய நாளில் எங்களிடம் இருந்ததில் ஒன்று குறைந்திருந்தது. ஒருவரும் வந்து கணக்குக் கேட்கவில்லை.

பரிமாணம் என்றால் நீளம், அகலம், உயரம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். நம் இரண்டு கண்களும் ஏறக்குறைய ஆறரை சென்ரிமீற்றர் இடைவெளியில் இருப்பதால் ஒவ்வொன்றும் சற்று வேறான காட்சியைக் காண்கிறது. அவ்விரண்டையும் ஒப்பிட்டு மூளை ஆழத்தை அறிகிறது. திரையில் இரண்டு படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக விழுத்தி, இடக்கண்ணுக்கு உரியதை இடக்கண்ணும் வலக்கண்ணுக்கு உரியதை வலக்கண்ணும் மட்டும் காணும்படி கண்ணாடியால் பிரித்துக் கொடுத்தால், தட்டையான துணியில் குழியும் மேடும் தோன்றிவிடும். எனவே மூன்றாவது ‘டி’ வரைக்கும் கணக்கு நேர்மையானது என்றே சொல்வேன். நான்காவதிலிருந்து எண்ணப்படுபவை எல்லாம் சாமான்கள். கதிரை ஆடினால் ஒன்று, காற்று அடித்தால் ஒன்று, முகத்தில் தண்ணீர் தெளித்தால் ஒன்று, காலில் எதாவது சுரண்டினால் ஒன்று, சவர்க்கார நுரை பறந்தால் ‘பனி’ என்று இன்னும் ஒன்று. கடைக்காரர் விலைப்பட்டியலில் எதைச் சேர்க்க நினைக்கிறாரோ அதுவே அடுத்த பரிமாணம்.

இந்தத் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு: இயக்குபவன் படத்தைப் பார்ப்பதில்லை. கூடத்தின் மூலையில், இருட்டிலும் பிடிக்கும் அகச்சிவப்புக் கேமரா ஒன்று பார்வையாளர்களை நோக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். யாராவது வாந்தி எடுக்கிறார்களா, பட்டியைக் கழற்றிக்கொண்டு எழும்புகிறார்களா என்று கவனிக்க அது அவசியம். ஆறு நிமிடப் படம் ஒன்றை நான் ஆயிரம் தடவைக்கு மேல், பன்னிரண்டு முகங்களில் மட்டும் பார்த்திருக்கிறேன். 1953இல் வெளிவந்து பெரும் வசூல் கண்ட ‘ஹவுஸ் ஒஃப் வாக்ஸ்’ என்ற முப்பரிமாணப் படத்தை இயக்கிய ஆந்த்ரே டி டோத்துக்கு ஒரு கண்ணில்தான் பார்வை இருந்ததாம். தான் எடுத்த படத்தின் ஆழத்தை அவரால் காண முடியாது. அதை வாசித்தபோது எங்கள் இருவருக்கும் ஏதோ தூரத்து உறவு இருப்பதுபோலப் பட்டது.

நாளாந்த வேலையில் பெரும்பகுதி துடைப்பது. எங்களிடம் இருந்தவை மலிவான நேர்கோட்டு முனைவாக்கக் கண்ணாடிகள்; ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடுபவை. இரண்டு புரொஜெக்டர்களின் முன்னாலும் அதே வகை வடிகட்டிகள். காலையில் கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டு வருபவர்களின் திருநீறும், தலையெண்ணெயும், கடற்காற்றின் உப்பும் சேர்ந்து அந்தக் கண்ணாடிகளில் ஒரு பூச்சாகவே படிந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கலைச் சில மாதங்கள் சென்றபின்தான் கண்டுபிடித்தேன். இவ்வகைக் கண்ணாடியில் தலை நிமிர்ந்திருக்கும்வரைதான் படங்கள் சுத்தமாகப் பிரியும். தலை சரிந்தால் ஒரு கண்ணுக்கு உரியது மற்றக் கண்ணுக்குள் கசிந்து படம் இரட்டையாகத் தெரியும். நாங்களோ கதிரையைப் பக்கவாட்டில் சரித்து ஆட்களின் தலையையும் சரித்துக்கொண்டிருந்தோம். நான்காவது ‘டி’ மூன்றாவது ‘டி’யை அழித்துக்கொண்டிருந்தது. சரிவைக் குறைத்ததும் தலையிடி என்று முறையிடுபவர்கள் குறைந்தார்கள். ஆட்டம் போதாது என்று முறையிடுபவர்கள் கூடினார்கள்.

காலைச் சுரண்டுவது கதிரைக்கடியில் தொங்கும் ஒரு றப்பர்க் குழாய். காற்று பாய்ந்தால் அது துடித்துக் கணுக்காலில் அடிக்கும். படத்தில் எலியோ பாம்போ வரும் நேரம் அது. சேலை கட்டிய அம்மாக்களுக்கு அது தெரியவே தெரியாது. காற்சட்டை போட்ட பிள்ளைகள் கத்துவார்கள். சாரம் கட்டிய ஆண்களின் நிலையை இங்கே விவரிக்க வேண்டாம். தண்ணீர் தெளிக்கும் துவாரம் ஊசிமுனை அளவுதான் இருக்கும். முதலில் வளவுக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினோம். கடற்கரைக் கிணற்றின் உவர் இரண்டு கிழமையில் எல்லாத் துவாரங்களையும் வெள்ளையாக அடைத்துவிட்டது. பிறகு கடையில் விற்கும் குடிநீரை வாங்கி, அதையும் துணியில் வடித்துத்தான் ஊற்றினேன்.

வாசனைக்கு ஒரே ஒரு போத்தல் இருந்தது, ரோசாப்பூ அத்தர். பூந்தோட்டம் வந்தாலும் அதுதான், பீரங்கி வெடித்தாலும் அதுதான். இந்த வாசனை ஆசை எங்கள் முதலாளியோடு தொடங்கியதன்று. 1959இன் கடைசியில் அமெரிக்காவில் ஒரு படத்துக்குக் குளிரூட்டிக் குழாய்களின் வழியாக மணங்களை அனுப்பினார்கள். மறு ஆண்டு ஹான்ஸ் லோப் என்பவரின் ‘ஸ்மெல்-ஓ-விஷன்’ முறையில் ஒவ்வொரு கதிரைக்கும் தனிக் குழாய் போட்டார்கள். பல்கனியில் இருந்தவர்களுக்கு மணம் பிந்திப் போய்ச் சேர்ந்தது, குழாய்களின் சீறல் படத்தின் ஒலியோடு கலந்தது, அந்த முறை ஒரே படத்தோடு நின்றுபோனது. குளிரூட்டி திருத்தியவன் என்ற முறையில் எனக்கு இதில் வியப்பில்லை. ஒளியை ஒரு கணத்தில் அணைத்துவிடலாம், ஒலியை நிறுத்திவிடலாம். ஆனால் ஒரு அறைக்குள் விட்ட மணத்தைத் திருப்பி எடுக்க வழியில்லை. ஆறாவது காட்சிக்கு வருபவர் முதலாவது காட்சியின் ரோசாவையும் சேர்த்தே முகர்வார். நான் போத்தலை நிரப்பாமல் விட்டேன்; அதையும் ஒருவரும் கேட்கவில்லை.

கதிரையை அதிரவைக்கும் எண்ணமும் பழையதுதான். 1959இலேயே வில்லியம் காசில் தன் திகில் படமொன்றுக்காகச் சில கதிரைகளின் அடியில் அதிரும் மோட்டார்களைப் பூட்டினார். மோர்ட்டன் ஹைலிக் 1962இல் காப்புரிமை பெற்ற ‘சென்சோராமா’ ஒரு பெட்டி. ஒருவர் தனியே அமர்ந்து தலையை உள்ளே நுழைத்தால், மோட்டார் சைக்கிள் பயணம் ஒன்றைக் காற்றோடும் மணத்தோடும் அதிர்வோடும் காணலாம். அதற்கு முதல் போட யாரும் முன்வரவில்லை. 2009இல் தென்கொரியாவில் தொடங்கிய ‘4டிஎக்ஸ்’ முழுநீளப் படங்களுக்கே இதைக் கொண்டுவந்தது; அத்தனை வசதிகளையும் வைத்துக்கொண்டும் அவர்கள் பெயரில் நான்கோடு நிறுத்திக்கொண்டது கவனிக்கத்தக்கது.

எங்களுக்கு வந்த படக்கோப்புகளில் ஒன்று பேரலை. கடற்கரை நகரம் ஒன்றின் தெருவுக்குள் கடல் ஏறிவரும். கதிரை பின்னால் சாயும், தண்ணீர் தெளிக்கும், காற்று அடிக்கும். கூடம் பூட்டியபின் நான் மட்டும் கதிரையில் இருந்து அதை ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். மறுநாள் பட்டியலிலிருந்து அதை நீக்கினேன். அதுதான் மற்ற ஊர்களில் நன்றாக ஓடுகிறது, ஏன் போடவில்லை என்று முதலாளி கேட்டார். 2004 மார்கழி 26 அன்று நான் எங்கே நின்றேன் என்பதை அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அதன்பின் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

திருகோணமலையில் சித்திரைக்குப் பிறகு கடல் அமைதியாகி, புரட்டாதி வரைக்கும் வெளியூர்க்காரர் வருவார்கள். வாடைக்காற்றுத் தொடங்கினால் அவர்கள் வரமாட்டார்கள். அதே காற்றால் கடலுக்குப் போக முடியாத சிறுவள்ளக்காரர்கள் பின்னேரங்களில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். அப்படி ஒரு மார்கழியில், திருக்கடலூர்ப் பக்கத்தைச் சேர்ந்த, அறுபது வயது தாண்டிய ஒருவர் தன் பேரனோடு வந்தார். படகுப் பயணப் படம் ஓடியது. கேமராவில் எல்லா முகங்களும் வாயைத் திறந்து கத்த, அவருடைய முகம் மட்டும் பிழையான கணக்கைப் பார்க்கும் வாத்தியாருடையதுபோல் சுருங்கியிருந்தது. வெளியே வந்து கண்ணாடியைத் தரும்போது சொன்னார்.

“தம்பி, உது வள்ளம் ஆடுற ஆட்டமில்லை.”

“ஏன் ஐயா, என்ன பிழை?”

“அலை தூரத்தில நிக்கேக்கையே கதிரை துள்ளுது. அலை கிட்ட வரவேணும். வந்து முதல்ல அணியத்தைத் தூக்கும், பிறகுதான் முழு வள்ளமும் ஏறும். இறங்கேக்கையும் அணியம்தான் முந்தி விழும். நீங்கள் முழுக்க ஒரேயடியாத் தூக்குறீங்கள், தொட்டில்ல கிடக்கிற மாதிரி இருக்கு.”

அன்றிரவு கணினியில் அந்தப் படத்துக்குரிய அசைவுக் கோப்பைத் திறந்து பார்த்தேன். மூன்று கதிரைகள் கொண்ட ஒவ்வொரு மேடைக்கும் அடியில் மூன்று காற்று உருளைகள் இருக்கும்: முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. மூன்றும் சேர்ந்து எழுந்தால் மேலே தூக்கலாம், முன்னதும் பின்னதும் மாறினால் சாய்க்கலாம், பின்னிரண்டும் மாறினால் பக்கவாட்டில் சரிக்கலாம். பலகையில் ஒன்பது என்று எழுதினாலும் கதிரை அறிந்த அசைவுகள் இந்த மூன்றுமே. கோப்பை எழுதியவர் அலை திரையில் தோன்றிய கணத்திலேயே மூன்று உருளைகளையும் ஒன்றாக எழுப்பியிருந்தார். பெரியவர் சொன்னது அப்படியே இருந்தது. உள்காதின் சமநிலை உறுப்பு அசைவு தொடங்குவதையும் மாறுவதையும்தான் கூர்மையாக உணரும். கண் சொல்வதும் காது சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் வயிறு குமட்டும். அந்த ஒரு படத்துக்குத்தான் வாந்திப் பையை அதிகம் கொடுத்துக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நான்கு இரவுகள் செலவழித்தேன். வள்ளத்தின் முன்முனையான அணியத்தை அலை தொடும் கணத்துக்கு அசைவை நகர்த்தி, முன்னுருளையை முதலில் எழுப்பி, பின்னிரண்டையும் சற்றுப் பிந்த விட்டு, இறக்கத்திலும் முன்னதையே முந்தி இறக்கினேன். உயர்ந்த மேடையை அடுத்த அலைக்குமுன் உடல் அறியாத அளவு மெதுவாக நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் உருளைக்கு எழ இடம் இருக்காது. அந்தத் திருட்டு இறக்கத்துக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. குலுக்கலின் அளவை நான் கூட்டவில்லை, குறைத்துத்தான் இருந்தேன். ஆனால் கேமராவில் பார்த்தபோது, அலை வருமுன்னரே ஆட்கள் கைப்பிடியை இறுகப் பிடிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

தைப்பொங்கல் கழிந்து சில நாட்களில் அந்தப் பெரியவரைக் கடைத்தெருவில் கண்டு, காசில்லாமல் வந்து பார்க்கும்படி கூப்பிட்டேன். பேரன் இல்லாமல் தனியே வந்தார். பட்டியைப் பூட்டினார், கண்ணாடியைப் போடுமுன் தன் சாரத்தால் இன்னொரு முறை துடைத்தார். கேமராவில் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது அலையில் அவருடைய வலக்கை கைப்பிடியை விட்டுப் பின்னால் போனது. இஞ்சின் பிடி இருக்க வேண்டிய இடம் அது. அங்கே ஒன்றும் இல்லாததால் ஒரு கணம் வெறும் காற்றைப் பிடித்துவிட்டு, யாராவது கண்டார்களோ என்று பார்ப்பதுபோல் மெல்லக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்தவரிடம் எப்படி என்று கேட்டேன். மேலுதட்டில் தெறித்திருந்த நீரை நாக்கால் தொட்டுப் பார்த்தார்.

“ஆட்டம் இப்ப சரி தம்பி. ஆனா கடல்தண்ணி இப்பிடி இனிக்காது.”