மருமகளுக்கு ஒரு மணிக்கூடு, 15 ஆயிரத்துக்குள்

கண்ணாடிப் பெட்டிக்குள் ஆகக் கூடுதலாக மினுங்கும் மணிக்கூட்டைப் பரிசாக வாங்காதீர்கள். கல் பதித்து, வளையல் மாதிரி கையைச் சுற்றிக் கிடக்கும் அந்த வகை ஒரு கல்யாணவீட்டுக்குப் போய்வரும். அதோடு அலுமாரிக்குள் போய்விடும். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: திங்கட்கிழமை காலை அவசரத்தில் அதை எடுத்துக் கட்ட மனம் வருமா?

எனக்கு வாங்க இருந்தது அண்ணாவின் மகளுக்கு. கொழும்பில், கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஆசிரியை நியமனம் கிடைத்திருக்கிறது. "எனக்கு ஒன்றும் வேண்டாம் மாமி" என்று சொல்லிவிட்டாள். அப்படிச் சொல்கிற ஆட்களுக்கு வாங்குவதுதான் கஷ்டம். ஆனால் ரீச்சருக்கு மணிக்கூடு உண்மையிலேயே தேவை. 40 நிமிடப் பாடத்துக்குள் போனை எடுத்து எடுத்து நேரம் பார்க்க முடியாது, பார்த்தால் பின்வாங்குப் பிள்ளைகள் சும்மா விடமாட்டார்கள். பரீட்சை மண்டபத்தில் நிற்கும் நாளில் போனே கையில் இருக்காது.

ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடு என்றார் அண்ணா. ஒவ்வொரு இரவும் சார்ஜ் போட வேண்டிய இன்னொரு சாமானை அவளுக்குக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. அந்தக் கதை அதோடு முடிந்தது.

15 ஆயிரத்துக்கு நல்லதாக வருமா என்று அடுத்து இழுத்தார். சரியான நேரம் காட்டுவதற்கு அது தாராளம். பற்றரியில் ஓடும் குவார்ட்ஸ் மணிக்கூட்டுக்குள் ஒரு சின்னப் படிகம் செக்கனுக்கு 32,768 தடவை அதிர்கிறது. மலிவானதிலும் அதுதான், விலை கூடியவற்றில் பெரும்பாலானவற்றிலும் அதுதான். மாதத்துக்கு 15, 20 செக்கன் முன்பின் போகும், அவ்வளவுதான். லட்சக்கணக்கில் விற்கும் சாவி மணிக்கூடுகள் சில ஒரே நாளில் அவ்வளவு பிழைவிடும். 1969 டிசம்பரில் சீக்கோ கம்பனி உலகின் முதல் குவார்ட்ஸ் கைமணிக்கூட்டை ஜப்பானில் விற்பனைக்கு விட்டபோது, அதன் விலைக்கு ஒரு சின்னக் கார் வாங்கலாமாம். இன்றைக்கு அதே வித்தை புறக்கோட்டை நடைபாதையில் குவிந்து கிடக்கிறது. ஆகவே கூடுதல் காசு கொடுத்தால் கிடைப்பது உலோகமும் கண்ணாடியும் பெயரும்தான். அதில் பெயரைத் தவிர மற்ற இரண்டையும் பார்த்து வாங்குவது என்று முடிவெடுத்தேன். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 அளவுக்குப் போன பிறகு, இறக்குமதிச் சாமான் எதையும் பெயருக்காக வாங்கும் துணிவு என் சம்பளத்துக்கு இல்லை.

கடைக்குப் போகுமுன் மச்சாளிடம் ஒரு உதவி கேட்டேன். மகளின் பழைய மணிக்கூட்டை மேசையில் விரித்து, பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். எந்த ஓட்டையில் கொக்கி போட்டிருக்கிறாள் என்பது பட்டியில் தேய்ந்திருக்கும், அதிலிருந்து கை அளவு தெரிந்துவிடும். 15 சென்ரிமீற்றர்கூட இல்லை. அப்படிப்பட்ட கைக்கு முகம் 26 முதல் 30 மில்லிமீற்றருக்குள் இருந்தால் அழகு. 36, 38 எல்லாம் இப்போது பெண்களும் போடுகிறார்கள், பார்க்கவும் ஒரு கெத்துதான். ஆனால் பட்டி பூட்டும் காதுகள் இரண்டும் மணிக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது அவளுடைய மணிக்கூடாகத் தெரியாது, தகப்பனுடையதைக் கட்டி வந்திருக்கிறாள் என்றுதான் தோன்றும்.

முதலில் காலி வீதியில் பம்பலப்பிட்டிப் பக்கம் ஏறி இறங்கினேன். டைட்டனின் ராகா வரிசையைப் பார்த்தால் மனம் இளகத்தான் செய்கிறது. டாடாவும் தமிழ்நாட்டு அரசின் தொழில் நிறுவனமும் சேர்ந்து 1984இல் தொடங்கி, ஓசூரில் தொழிற்சாலை போட்ட கம்பனி அது. எங்கள் வீட்டுப் பெண்களின் கைக்கு எது பொருந்தும் என்று அவர்களுக்குத் தெரிகிறது. எனக்குப் பிடித்தவை என் கணக்குக்கு மேலே நின்றன. அதோடு பாதிக்கு இலக்கமே இல்லை. 12 இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கல், மற்ற இடமெல்லாம் வெறும் முத்துச்சிப்பி நிறம். பலகையில் எழுதிக்கொண்டே ஒருக்கால் திரும்பிப் பார்த்து "இன்னும் ஏழு நிமிடம்" என்று கணக்குப் போட வேண்டியவளுக்கு அது உதவாது. 1 முதல் 12 வரை முழு இலக்கமும் செக்கன் முள்ளும் வேண்டும் என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். இந்தச் சட்டம் போட்டதும் கடையில் முக்கால்வாசி தானாகக் கழிந்துபோனது. பெரிய நிம்மதி.

பிறகு 100ஆம் நம்பர் பஸ் பிடித்துப் புறக்கோட்டை. வாசலிலேயே கான் மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கிறது. 1923இல் ஒரு பார்சிக் குடும்பம் தகப்பனின் நினைவாகக் கட்டிக் கொடுத்தது. அதைத் தாண்டி உள்ளே போனால் உலகத்தில் உள்ள அத்தனை பெரிய பெயர்களும் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். எல்லாம் பிரதி. போலியென்று தெரிந்து நீங்கள் கட்டினால் அது உங்கள் விருப்பம், பரிசாகக் கொடுக்காதீர்கள். பரிசு கிடைத்தவள் அதைப் பழுதுபார்க்க ஒரு நாள் கடைக்குக் கொண்டுபோவாள்.

நான் உருப்படியாக ஏதாவது கற்றுக்கொண்டது ஒரு சின்னக் கடையில். ரோஸ் கோல்ட் நிறத்தில் ஒன்றைக் கையில் வைத்து மயங்கிக்கொண்டிருந்தேன். கடைக்கார நானா, "முன்னுக்குப் பார்த்தது போதும் தங்கச்சி, பின்னுக்குத் திருப்புங்க" என்றார். பின்மூடியில் பொடி எழுத்தில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று இருந்தது. அப்படியென்றால் மூடி மட்டும்தான் ஸ்டீல், மற்றதெல்லாம் வேறு உலோகத்துக்குப் பூச்சு. கொழும்பு வியர்வைக்கு அந்தப் பூச்சு முதலில் கொக்கி ஓரத்தில் தேயும், அப்புறம் காதுகளில். உள்ளிருக்கும் உலோகத்தில் நிக்கல் இருந்தால் சிலருக்குத் தோல் சிவந்து கடிக்கவும் தொடங்கும். முழுக்க ஸ்டீல் என்றால் அதையும் அவர்கள் எழுதியிருப்பார்கள். அந்த விலைக்கு விற்றிருக்கலாம், மனுஷன் விற்கவில்லை. அந்த மரியாதைக்காகவே அவரிடம் வாங்குவது என்று அங்கேயே தீர்மானித்துவிட்டேன்.

பட்டிதான் அதிக நேரம் எடுத்தது. தோல் பட்டி பார்க்க நல்ல இலட்சணம். ஆனால் ஈரக்காற்றும் பஸ் நெரிசலும் சேர்ந்து ஒரு வருடத்துக்குள் அதை மணக்க வைத்துவிடும். வலை மாதிரிப் பின்னிய ஸ்டீல் பட்டி இப்போது நல்ல ஸ்டைல். கொக்கியை நகர்த்தி எந்தக் கைக்கும் பொருத்தலாம், அளவு தெரியாமல் பரிசு வாங்குபவர்களுக்கு அதைவிட வசதியானது இல்லை. நானும் அதைத்தான் எடுக்க இருந்தேன். என் சாறித் தலைப்பு அந்தக் கொக்கியில் மாட்டி ஒரு நூல் இழுபட்டதும் திரும்ப வைத்தேன். கிழமைக்கு ஐந்து நாள் சாறி உடுத்துகிறவளுக்கு அது சரிவராது. மிஞ்சியது கண்ணி கண்ணியாக வரும் சாதாரண ஸ்டீல் சங்கிலி. பட்டி பூட்டும் இடம் நேராக, 12 அல்லது 14 மில்லிமீற்றர் அகலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் நாளைக்கு அலுத்துப்போனால் எந்தக் கடையிலும் வேறு பட்டி போடலாம். முகத்தோடு ஒட்டிச் செய்த வளைவுச் சங்கிலி அறுந்தால் மணிக்கூடே முடிந்தது.

எடுத்தது ஒரு கசியோ. கசியோவில் மாடல் இலக்கம் எம்டிபி என்று தொடங்கினால் ஆண்களுக்கு, எல்டிபி என்றால் பெண்களுக்கு. இது எல்டிபி. வெள்ளை முகம், கறுப்பு இலக்கம், வெள்ளி நிறச் சங்கிலி. சாறி எந்த நிறமென்றாலும் முரண்டுபிடிக்காது, மெல்லியது, சட்டைக் கைக்குள்ளும் போகும். 14 ஆயிரத்துச் சொச்சம். இதில் என்ன ஸ்டைல் என்று கேட்பவர்கள் ஒரு நல்ல கைத்தறிச் சாறியோடு கட்டிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

மூன்று கண்ணிகளை நானாவே கழற்றினார். கழற்றியதை ஒரு சின்னப் பையில் போட்டுப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னேன், கை கொஞ்சம் பருத்தால் தேவைப்படும். வாரண்டி அட்டையில் திகதி போட்டு முத்திரை குத்தியிருக்கிறதா என்றும் பார்த்தேன். விலை எழுதிய பில் என்னிடம்தான் இருக்கிறது. கொடுக்கும்போது ஒன்று மட்டும் சொல்லி வைத்தேன்: தண்ணீர் புகாது என்று எழுதி 30 மீற்றர் போட்டிருந்தால், கை கழுவலாம், மழைத்தூறல் படலாம், அதோடு சரி. கல்கிசைக் கடலுக்குள் இறங்குவதென்றால் கழற்றி அம்மாவிடம் கொடு.