ஒரு கை குறைந்த சட்டை

மே விடுமுறைக்கு அக்கா மகள் கோத்தகிரி வந்திருந்தாள். மழை பிடித்து, கரண்ட்டும் போன ஒரு சாயங்காலம் கதை சொல்லு மாமா என்று உயிரை எடுத்ததால், டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சனின் காட்டு அன்னங்கள் கதையைச் சொன்னேன். 1838இல் வெளியான கதை. சித்தி வைத்த சூனியத்தில் 11 அண்ணன்மாரும் அன்னப்பறவைகளாகிவிடுகிறார்கள், பொழுது சாய்ந்தால்தான் மனித உருவம். அவர்களை மீட்கத் தங்கை எலிசா காஞ்சொறியைப் பறித்து, வெறுங்காலால் மிதித்து, நார் எடுத்து 11 சட்டை பின்ன வேண்டும். முடியும்வரை வாயே திறக்கக்கூடாது. ஒரு சொல் பேசினாலும் அது கத்தியாக அண்ணன்களின் நெஞ்சில் இறங்கும்.

"காஞ்சொறின்னா என்ன மாமா?"

சென்னையில் வளர்கிற பிள்ளை. நாளைக்குக் காட்டுகிறேன், ஆனால் தொடக்கூடாது என்றேன்.

நீலகிரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சோலை ஓரத்தில் ஆள் உயரத்துக்கு நிற்கும். இலை, தண்டு எல்லாம் ஊசி மாதிரி முடி; பட்டவுடன் நுனி உடைந்து ஹிஸ்டமின் போன்ற எரிச்சல் கிளப்பும் சமாச்சாரங்களைத் தோலுக்குள் இறக்கிவிடும். இதே செடியை நேபாளத்தில் அல்லோ என்கிறார்கள், அதன் நாரில் துணியும் நெய்கிறார்கள். ஆகவே காஞ்சொறிச் சட்டை வெறும் கற்பனை இல்லை.

எலிசாவைப் பொறுமைசாலி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அவள் பயங்கரப் பிடிவாதக்காரியாகத் தெரிகிறாள். ராஜா கூட்டிப்போய் ராணியாக்கிய பிறகும் நார் தீர்ந்துபோனால் ராத்திரியில் தனியாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் செடி பறிக்கிறாள், அதைப் பார்த்துவிட்டுச் சூனியக்காரி என்கிறார்கள், எரிக்கக் கொண்டுபோகும் வண்டியில்கூட அவள் விரல் 11ஆவது சட்டையில்தான் இருக்கிறது. நான் குற்றமற்றவள் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. சொல்லமாட்டாள்.

அண்ணன்களும் சும்மா இல்லை, அதையும் சொல்ல வேண்டும். அவளை வலையில் வைத்துக் கடல் தாண்டித் தூக்கிப் போகும்போது, முகத்தில் வெயில் படாமல் கடைசித் தம்பி... தம்பி இல்லை, கடைசி அண்ணன், சிறகால் நிழல் பிடித்தபடியே பறக்கிறான். கடைசிச் சட்டையில் ஒரு கை பின்னி முடியாததால், மனிதனானபின் ஒரு பக்கம் சிறகோடு நிற்கிறவனும் அவன்தான். அதையும் முடித்துக் கொடுத்திருந்தால் கதை இவ்வளவு நாள் மனசில் நின்றிருக்காது.

தம்பி என்று வாய் தவறியதற்குக் காரணம் உண்டு. எனக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பத்து. பந்து தேயிலைத் தோட்டத்தைத் தாண்டிச் சோலைக்குள் உருண்டுவிட்டது. காட்டெருமை வரும், அந்தப் பக்கம் போனால் தோலை உரிப்பேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். நான் ஓடப் பார்த்தேன், அக்கா என் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டுத் தானே உள்ளே போனாள். பந்தோடு வந்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தது, குழாயடியில் கழுவியதும் இன்னும் எரிந்ததுபோல, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்த ராத்திரி வேண்டுமென்றே முழுக்கை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். அம்மா கேட்டதற்குக் குளிருது என்றாள். விஷயம் தெரிந்தால் அடி எனக்கு என்று அவளுக்குத் தெரியும்.

கதை முடிந்ததும் அக்கா மகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவங்க கை அப்புறம் சரியாயிடுச்சா?" கடைசி அண்ணன் அழ, அவன் கண்ணீர் பட்ட இடத்தில் எலிசாவின் கொப்புளங்கள் மறைந்தன என்று முன்னாடியே வருகிறது, அதைச் சொன்னேன். உடனே அவள் அம்மாவுக்கு போன் போட்டு ஒப்பித்தாள். நானும் வாங்கி, அந்தப் பந்து ஞாபகம் இருக்கா அக்கா என்றேன்.

"இருக்கு. அது என் பந்துடா. நீதான் தொலைச்ச."