எஸ் ஜீன் மட்டும் காணோம்!

கொரோனாவோட புது வேரியண்ட் (உருமாறுன வகை) பரவுதான்னு மோப்பம் பிடிக்க எப்பவும் வைரஸோட முழு ஜீனோமையும் (மொத்த மரபணுத் தொகுப்பையும்) எழுத்தெழுத்தா படிச்சு சீக்வென்ஸ் பண்ணிட்டு உக்காந்திருக்கணும்னு இல்லீங்க. 2021 நவம்பர்ல தென்னாப்பிரிக்கா கௌடெங் மாகாணத்துல கேஸ் சரசரன்னு ஏறுனப்போ, மூணு ஜீனைத் தேடுற பிசிஆர் டெஸ்ட்ல ரெண்டு பாசிட்டிவ் வருது எஸ் ஜீன் (வைரஸ் மேல முள்ளு மாதிரி இருக்கற ஸ்பைக் புரதத்தோட ஜீன்) மட்டும் வரவே மாட்டேங்குதுன்னு லேப்காரங்க கவனிச்சாங்க, ஸ்பைக்ல 69, 70ங்கற ரெண்டு இடத்து அமினோ அமிலம் விட்டுப்போனதுதான் காரணம், அதுவரைக்கும் அங்க ஓடிட்டிருந்த டெல்டால இந்தக் குறை கிடையாது (முன்னாடி வந்த ஆல்ஃபா வேரியண்ட்ல இருந்துச்சு), அதனால எஸ் ஜீன் காணோம்னாலே இது டெல்டா இல்ல, வேற வேரியண்ட்னு சந்தேகப்பட முடிஞ்சுது. நவம்பர் 26 அன்னிக்கு உலக சுகாதார நிறுவனம் அந்த வேரியண்ட்டுக்கு ஒமிக்ரான்னு பேரு வச்சுது. உண்மையைச் சீக்கிரம் சொன்னதுக்குத் தென்னாப்பிரிக்காவுக்குக் கெடச்சது விமானத் தடை, எனக்கு அதுல இன்னும் ஆத்திரம்தான். அடுத்து வந்த பிஏ.2ங்கற ஒமிக்ரான் துணை வகைல எஸ் ஜீன் திரும்ப தெரிஞ்சதால இந்தக் குறுக்குவழி வேலைக்காகல, அப்புறம் வந்த பிஏ.4, பிஏ.5 துணை வகைகள்ல மறுபடி காணாம போச்சு!