படைத்தளத்தில் இஎம்எஸ் தேர்வு: ஒருமுறை தவறியவன் சொல்வது

நான் சீருடை அணிபவன் இல்லை. படைத்தளத்து வாகனப் பணிமனையில் டீசல் எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டுவது என் வேலை. ஆனாலும் தளத்துக்குள் வேலை பார்க்கும் யாராக இருந்தாலும், சிப்பாயோ சமையற்காரரோ ஒப்பந்தத் தொழிலாளியோ, சுற்றுச்சூழல் மேலாண்மை அமைப்பு விழிப்புணர்வுப் பயிற்சியை முடித்தாக வேண்டும். எங்கள் வாயில் அது 'இஎம்எஸ் வகுப்பு'. 40 ஸ்லைடுகள், 20 கேள்விகள், 16 சரியானால் தேர்ச்சி. முதல் முறை ஸ்லைடுகளைப் படபடவென்று தள்ளிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். 13தான் வந்தது.

தவறிய ஏழில் நான்கு, 'அம்சம்', 'தாக்கம்' என்ற இரண்டு சொற்களில் தடுக்கியவை. எரிபொருள் நிரப்பும்போது டீசல் சிந்துவது இரண்டில் எது என்று கேட்டிருந்தார்கள். தாக்கம் என்று குறித்தேன். சிந்துவது அம்சம், சிந்திய டீசல் மண்ணில் இறங்கி நிலத்தடி நீரைக் கெடுப்பதுதான் தாக்கம். ஸ்லைடில் இருந்த வரையறையைப் பத்து முறை வாசித்தும் மனதில் நிற்கவில்லை. ஒரு பழைய உதிரிபாக அட்டையின் பின்புறத்தில், காலை முதல் மாலை வரை நான் செய்வதையெல்லாம் எழுதி நடுவில் ஒரு கோடு போட்டேன். இடப்பக்கம் என் கையில் நடப்பது: எண்ணெய் மாற்றுதல், கரைப்பானில் பாகங்களைக் கழுவுதல், பழைய பேட்டரியைக் கழற்றுதல், ஜெனரேட்டரை ஓடவிட்டுச் சோதித்தல். வலப்பக்கம் மண்ணிலும் நீரிலும் காற்றிலும் நடப்பது. அந்த அட்டை எனக்குச் செய்த உதவியை 40 ஸ்லைடுகளும் செய்யவில்லை. நீங்களும் உங்கள் வேலையை வைத்தே எழுதுங்கள். துப்பாக்கிப் பயிற்சித் திடலில் இருப்பவருக்குத் தோட்டா ஈயமும் சத்தமும் வரும். சமையற்கூடத்தில் இருப்பவருக்குக் கொழுப்பு கலந்த கழிவுநீர் வரும். என் அட்டையை நகலெடுத்துப் பயனில்லை.

ஒரு பொறி உண்டு: தாக்கம் என்றாலே கேடு என்று நினைத்துவிடக் கூடாது. இத்தகைய அமைப்புகளுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 14001-இன் வரையறைப்படி அது நல்ல மாற்றமாகவும் இருக்கலாம். இரண்டாம் முறை 19 எடுத்தேன். போன ஒன்று இதில்தான் போனது.

அந்தத் தரநிலை 1996-இல் முதலில் வெளிவந்தது. 2004-இலும் 2015-இலும் திருத்தப்பட்டது. இந்த ஆண்டுகளை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. படிக்கும் குறிப்பு எந்தப் பதிப்பைச் சேர்ந்தது என்று பாருங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். பணிமனையில் கைமாறி வந்த ஒரு பழைய குறிப்பில், 'மேலாண்மைப் பிரதிநிதி' என்று ஒருவரைக் கட்டாயம் நியமிக்க வேண்டும் என்றும், 'தடுப்பு நடவடிக்கை' தனிப் பிரிவு என்றும் இருந்தது. 2015 பதிப்பில் இரண்டும் இல்லை. பொறுப்பை உயர் நிர்வாகத்தின் தோளிலேயே நேராக ஏற்றிவிட்டார்கள்; படைத்தளத்தில் அது கட்டளை அதிகாரி.

விழிப்புணர்வைப் பற்றிய பிரிவு 7.3 மிகச் சிறியது. நம்மைப் போன்றவர்களிடம் அது எதிர்பார்ப்பது நான்கே விஷயங்கள். தளத்தின் சுற்றுச்சூழல் கொள்கை தெரிந்திருக்க வேண்டும். நம் வேலையோடு ஒட்டிய முக்கிய அம்சங்களும் அவற்றின் தாக்கங்களும் தெரிந்திருக்க வேண்டும். அமைப்பு ஒழுங்காக நடக்க நம் பங்கு என்ன என்பதும், விதியை மீறினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான கேள்விகள் இந்த நான்கைச் சுற்றியே வருகின்றன. கொள்கையை வரிக்கு வரி ஒப்பிக்கத் தேவையில்லை. சுற்றுச்சூழலைக் காப்போம், சட்டக் கடமைகளையும் நாமாக ஏற்ற கடமைகளையும் நிறைவேற்றுவோம், தொடர்ந்து மேம்படுவோம் என்ற மூன்று உறுதிகளும் உங்கள் வார்த்தையில் வந்தால் போதும். இன்னொன்று, கழிவுநீரில் இத்தனை மில்லிகிராம் எண்ணெய்தான் இருக்கலாம் என்பது போன்ற அளவு எதையும் இந்தத் தரநிலை விதிப்பதில்லை. அளவுகள் சட்டத்திலிருந்து வருகின்றன. 'தரநிலை நிர்ணயிக்கும் உச்ச வரம்பு எது' என்று கேட்டால் பதறாமல் 'எதுவும் இல்லை' என்பதைத் தேடுங்கள்.

இதெல்லாம் படைக்கு எதற்கு என்று ஆரம்பத்தில் நானும் முணுமுணுத்தவன்தான். அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள லெஜூன் கடற்படைக் காலாட்படை முகாமைப் பற்றி வாசித்த பிறகு முணுமுணுப்பு நின்றது. அங்கே 1950-களிலிருந்து 1980-கள் வரை முகாமின் குடிநீரில் டிரைகுளோரோஎத்திலீன், பென்சீன் போன்றவை கலந்திருந்தன. முகாமுக்கு வெளியே இருந்த ஓர் உலர்சலவைக் கடையின் கழிவும், உள்ளே கசிந்த நிலத்தடித் தொட்டிகளும் காரணங்களில் சில. அந்த நீரைக் குடித்தது எதிரிகள் இல்லை. வீரர்களும் அவர்களுடைய மனைவி மக்களும். இழப்பீடு கோரி வழக்குத் தொடர வழிசெய்யும் சட்டம் 2022-இல்தான் வந்தது. டிரைகுளோரோஎத்திலீன் உலோகப் பாகங்களின் பிசுக்கை நீக்கும் கரைப்பான். நான் அன்றாடம் பாகங்களை முக்கியெடுக்கும் தொட்டியை அதன் பிறகு வேறு கண்ணால் பார்த்தேன்.

கசிவு பற்றிய கேள்விகளில் வரிசை முக்கியம். 'உடனே துடைக்கத் தொடங்குவேன்' என்ற விடை பார்க்க நன்றாக இருக்கும், தவறாகிவிடும். முதலில் உங்கள் பாதுகாப்பு, ஆபத்தில்லை என்றால் மூலத்தை அடைப்பது, வடிகால் வாயை மறிப்பது, தகவல் சொல்வது. யாருக்குச் சொல்வது என்பது தளத்துக்குத் தளம் மாறும். சுவரில் ஒட்டியிருக்கும் அட்டையைப் படித்துவிட்டுத் தேர்வுக்குப் போங்கள்.

தேர்ச்சி பெற்ற ஆறாம் மாதம் உள்தணிக்கை வந்தது. தணிக்கையாளர் ஓர் அம்மையார். பிரிவு எண் எதையும் கேட்கவில்லை. பழைய எண்ணெய் பீப்பாயைக் காட்டி, "இது கவிழ்ந்தால் எண்ணெய் எங்கே போகும்?" என்றார். வாசலுக்கு வெளியே பத்தடியில் கம்பி மூடி போட்ட வடிகால். "சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும்" என்றேன், நம்பிக்கையாக. அவர் பதில் சொல்லாமல் பொறுப்பாளரிடம் வடிகால் வரைபடத்தைக் கேட்டார். நீலக் கோடு பணிமனையைத் தாண்டி, வேலியைத் தாண்டி, நேராக ஓடையில் போய் முடிந்தது. அது மழைநீர் வடிகால். எட்டு வருடமாக அதன் மேல்தான் நடந்திருக்கிறேன். பக்கத்து மேசை மூத்தவர் என் காதருகே, "தம்பி, மழை பெய்யும்போது ஒருநாள் எட்டிப் பார்த்திருக்கலாம்" என்றார்.

அடுத்து, கசிவு உபகரணப் பெட்டியைக் கேட்டார். அது டயர் குவியலுக்குப் பின்னால் இருந்தது. மூன்று லாரி டயர்களை உருட்டித் தள்ளித்தான் எடுக்க முடிந்தது. திறந்தால் உறிஞ்சு விரிப்புகள் இரண்டே இரண்டு. யாரோ பயன்படுத்திவிட்டு நிரப்பாமல் வைத்திருக்கிறார்கள். இணக்கமின்மை, அதாவது விதிப்படி இல்லை, என்று எழுதினார்.

நாங்கள் விரிப்புகளை நிரப்பி, பெட்டியை வாசலருகே என் மேசைக்கடியில் வைத்து, எல்லோருக்கும் எச்சரிக்கை சொல்லியாயிற்று என்று அறிக்கை கொடுத்தோம். திருப்பி அனுப்பிவிட்டார். பெட்டியை நகர்த்துவது திருத்தம் மட்டுமே. திருத்த நடவடிக்கை வேண்டுமென்றால் அது ஏன் டயருக்குப் பின்னால் போனது என்று சொல்லுங்கள் என்றார். தேர்வில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் கேட்டபோது நான் குருட்டாம்போக்கில் சரியாகக் குறித்திருந்தேன். விசாரித்தால், டயர்களை வைக்கப் பணிமனையில் இடமே ஒதுக்கவில்லை. காலியாகத் தெரிந்த மூலையிலெல்லாம் டயர் போய் உட்கார்ந்தது. ஆக, திருத்த நடவடிக்கை ஒரு டயர் அடுக்கு. விரிப்புகளை மாதம் ஒருமுறை எண்ணிக் கையெழுத்திட ஒரு தாளும் பெட்டி மூடியில் ஏறியது.

அடுக்கு வந்துசேர நான்கு மாதம் பிடித்தது. அதுவரை பெட்டி என் மேசைக்கடியில் இருந்தது. முட்டி இடித்துக்கொள்ளாத நாள் இல்லை.