பாலிஅனிலின் எலக்ட்ரோடைக் காரத்தில் போட விடாதீர்கள்

மின்சாரத்தைச் சட்டென்று சேமித்து வெளிவிடும் சூப்பர் கெபாசிட்டருக்கான எலக்ட்ரோடுக்காக, பாலிஅனிலின் (மின்சாரம் கடத்தும் பாலிமர்), கிராஃபீன் (மிக மெல்லிய கார்பன் தாள்) கலவையைத் தயாரிப்பதில் பெரிய சிக்கல் எதுவும் வரவில்லை. அனிலினைக் காய்ச்சி வடித்து, அமிலத்தில் 5 டிகிரிக்குக் கீழே வைத்து, அமோனியம் பெர்சல்ஃபேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டால் கரும்பச்சைப் படிவு வந்துவிடும். சோதனைக்கு வெளியே கொடுத்த பிறகுதான் தலைவலி ஆரம்பித்தது.

கட்டணம் வாங்கி அளந்து தரும் ஒரு ஆய்வகம். படிவத்தில் '1 மோலார் சல்ஃப்யூரிக் அமிலம், கார்பன் துணி' என்று தெளிவாக எழுதிக் கொடுத்திருந்தேன். கருவியைப் பார்த்துக்கொள்பவர் அதைப் படிக்கவே இல்லை. "சூப்பர் கெபாசிட்டர்னா இங்க எல்லாருக்கும் கேஓஹெச்தான், நிக்கல் ஃபோம்தான்" என்று சொல்லிவிட்டு (அதாவது கரைசல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம், பொடியைப் பூசுவது பஞ்சுபோன்ற நிக்கலில்), நான் மறுத்துப் பேசி முடிப்பதற்குள் பொடியைத் தடவிக் காயவைக்கப் போய்விட்டார். கரைசலிலிருந்து வெளியே எடுத்தபோது பச்சையாக இருந்த பூச்சு நீலமாகியிருந்தது. காரம் புரோட்டானைப் பிடுங்கிக்கொண்டால் பாலிஅனிலின் மின்கடத்தாப் பொருளாகிவிடும், அளந்து வரைந்த மின்னழுத்த-மின்னோட்ட வளைவில் என்ன மிஞ்சும்? தெரிந்த ஓரிரு முகடுகளும் நிக்கலுடையவை. அதையே முடிவு என்று அச்சடித்துக் கொடுத்து முழுக் கட்டணமும் வாங்கிக்கொண்டார்கள். இன்னும் ஆறவில்லை.

கரைசலை மட்டும் மாற்றச் சொன்னால் போதாது, நிக்கல் அமிலத்தில் கரையும், அதனால் இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். அடுத்த முறை கார்பன் துணியில் நானே பூசி, எடை போட்டு, எடுத்துப் போனேன், அளக்கும்போது பக்கத்திலேயே நின்றேன். −0.2 முதல் 0.8 வோல்ட் வரைதான், அதற்கு மேல் போனால் பாலிமர் சிதைய ஆரம்பிக்கும். பாலிஅனிலினுக்கே உரிய முகடுகள் திரையில் எழும்பியதும்தான் மூச்சு வந்தது. தொடர்ந்து மின்னேற்றி இறக்கியதில் வெறும் பாலிஅனிலின் வீங்கிச் சுருங்கி, செல்லின் அடியில் பச்சைத் துகளாக உதிர்ந்து கிடந்தது. கிராஃபீன் சேர்த்தது துணியை விட்டு வரவில்லை!

அப்புறம் எடை விஷயம். பூச்சு 1 மில்லிகிராம்தான் என்றால் 0.1 பிசகினாலே 10 சதவீதம் போச்சு, கரைப்பான் முழுக்க உலராமல் எடை போடாதீர்கள். இரண்டு எலக்ட்ரோடு செல் என்றால் எந்த எடையால் வகுத்தார்கள் என்று கேளுங்கள்: ஒரு கிராமுக்கான மின்தேக்குத்திறன், செல்லின் மொத்த எடைக்கு வருவதைப்போல் நான்கு மடங்கு, ஒற்றை எலக்ட்ரோடுக்கு வரும். அறிக்கைத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பாமல் மூலத் தரவுக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள், தர யோசிப்பார்கள், விடாதீர்கள்.